ஷட்டர் திறந்திருக்கும் நேரம்

பாரிஸ் நகரத் தெருக்களுக்கு அடியில் பழைய கல்குவாரிச் சுரங்கங்கள் ஓடுகின்றன. இடுகாடுகள் நிரம்பி இடமில்லாமல் போனபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, தோண்டியெடுத்த எலும்புகளை அங்கே கொண்டுபோய் அடுக்கினார்கள். 1861இல் நதார் என்ற புகைப்படக்காரர் கேமராவோடு அந்த இருட்டுக்குள் இறங்கினார். பேட்டரிகள் மேலே தெருவில் இருந்தன. கம்பிகளைக் கீழே இறக்கி மின்விளக்கை எரியவிட்டார். அப்படியும் ஒளி போதவில்லை. ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆனது. அங்கே எடுத்த படங்களில் எலும்பு வண்டியோடு நிற்கும் தொழிலாளி ஒருவரைப் பார்க்கலாம். தொப்பி, மேலங்கி, வேலைக்கேற்ற நிற்பு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அது ஆள் இல்லை, உடுப்பு மாட்டிய பொம்மை. அவ்வளவு நேரம் இம்மியும் அசையாமல் நிற்க மனிதரால் ஆகாது என்பதால் நதார் பொம்மைகளை இறக்கினார். இவ்வளவுக்கும் அவர் முகங்களுக்குப் பேர்போனவர். பிரெஞ்சு எழுத்தாளர்களும் நடிகைகளும் ஓவியர்களும் அவருடைய ஸ்டூடியோவில் வரிசையாக வந்து அமர்ந்தவர்கள்.

புகைப்படம் காலத்தை நிறுத்திவிடுகிறது என்பது எல்லோரும் சொல்லிப் பழகிய பேச்சு. எனக்கு அதில் பெரிய உடன்பாடில்லை. கேமராவின் கதவு திறந்து மூடும் வரை உள்ளே வரும் ஒளி முழுவதும் தகட்டிலோ ஃபிலிமிலோ சென்சாரிலோ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகிறது. அந்த நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கலாம், பதினெட்டு நிமிடமாக இருக்கலாம், ஆண்டுக்கணக்காகக்கூட இருக்கலாம். அதற்குள் அசையாமல் இருந்தது அழுத்தமாகப் பதியும், அசைந்தது மங்கும், வேகமாகக் கடந்தது இருந்த சுவடே இல்லாமல் போகும். எந்தப் படமானாலும் அதற்குள் எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கிறது என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு மனித முகமும் கட்டடமும் இரு கோடிகள். கட்டடம் எத்தனை நேரமானாலும் காத்திருக்கும், முகத்தால் முடியாது. உருவப்படத்துக்கு ஒரு வரலாறு, கட்டடப் படத்துக்கு வேறொரு வரலாறு என்று புத்தகங்கள் தனித்தனி அத்தியாயம் எழுதுகின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வரலாறு என்பது என் வாதம்.

கேமராவால் எடுத்து இன்றும் மிஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையது கட்டடப் படமாக இருப்பது தற்செயல் இல்லை. பிரான்சின் ஒரு கிராமத்தில் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது அது. உலோகத் தகட்டில் பூசிய ஒருவகைத் தார்தான் அவருடைய ஃபிலிம். வெயில் பட்ட இடத்தில் தார் இறுகிவிடும், படாத இடத்தைக் கரைத்துக் கழுவிவிடலாம். எட்டு மணி நேரம் திறந்து வைத்திருந்தார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பல நாட்கள்கூட ஆகியிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். எதிரெதிரே நிற்கும் சுவர்கள் இரண்டிலும் வெயில் அடித்திருப்பதைப் படத்திலேயே காணலாம். கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் ஒரே தகட்டில்! அப்படி ஒரு காட்சியை எந்த மனிதக் கண்ணும் பார்த்திருக்க முடியாது. பிறகு 1838இல் லூயி தாகேர் பாரிஸின் பூல்வார் து தாம்ப்ள் தெருவை எடுத்தார். வண்டியும் குதிரையும் ஆட்களுமாக நெரிந்த தெரு அது. அவருடைய வெள்ளித் தகட்டுக்குச் சில நிமிடம் தேவைப்பட்டதால் நடமாடிய கூட்டம் முழுக்க மறைந்துபோயிற்று. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றவர் மட்டும் பதிந்தார். புகைப்படத்தில் முதன்முதலாக இடம்பிடித்த மனிதர் என்று அவரைச் சொல்கிறார்கள். மெருகு போட்டவரும் மங்கலாகக் கூடவே இருக்கிறார். உழைத்த கை அசைந்துகொண்டே இருந்ததால் அவர் மங்கினார்.

1839இல் தாகேரின் செய்முறையைப் பிரெஞ்சு அரசு வாங்கி உலகறிய வெளியிட்டதும் எல்லோருக்கும் தங்கள் முகம் வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் விளக்கு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் கொர்னீலியஸ் கேமராவின் முன் தானே பத்துப் பதினைந்து நிமிடம் நின்று தன்னைப் படமெடுத்துக்கொண்டார். எல்லோரும் அப்படி நிற்பார்களா? ஸ்டூடியோக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தண்டை நிறுத்தி, அதன் கவ்வியால் பிடரியைப் பிடித்துவைத்தார்கள். பழைய படங்களைக் கூர்ந்து பார்த்தால் நிற்பவரின் கால்களுக்குப் பின்னால் அந்தத் தண்டின் அடிப்பாகம் எட்டிப் பார்ப்பது தெரியும். அக்காலப் படங்களில் ஒரு சிறு தூணும் நாற்காலி முதுகும் தவறாமல் வருவதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை, சாய்ந்து நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். நம் ஊர் ஸ்டூடியோக்களின் பின்திரைகளில் வரைந்திருந்த தூண்களும் மாடிப்படிகளும் இந்த வழக்கத்தின் தூரத்துச் சொந்தங்கள்.

1840இல் வியன்னாவின் கணித அறிஞர் யோசெஃப் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸ் அதற்கு முந்தியவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. உட்காரும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் சுருங்கியது, ஸ்டூடியோத் தொழிலும் பெருகியது. ஆனால் அந்த லென்ஸுக்கு ஒரு குறை உண்டு. நடுவில் கூர்மை, ஓரங்களில் குழைவு. முகத்துக்கு அது குறையே இல்லை. கண்ணும் மூக்கும் தெளிந்து காதும் தோளும் கரைந்தால் படம் எடுப்பாகத்தான் இருக்கும். கோயிலையோ மாளிகையையோ அப்படி எடுத்தால் நடுவாசல் தெரியும், இருபக்கச் சுவரும் குழம்பிப்போகும். கட்டடம் எடுப்பவர்கள் ஓரம்வரை தெளிவு தரும் லென்ஸை, அது ஒளியைக் கஞ்சத்தனமாக விட்டாலும், எடுத்துக்கொண்டார்கள். நேரம்தான் அவர்களிடம் நிறைய இருந்ததே. உயரமான கோபுரத்தைப் பார்த்துக் கேமராவை அண்ணாத்தினால் அதன் இரு விளிம்புகளும் மேலே போகப் போகச் சாய்ந்து கூடும். இன்றைக்குக் கைபேசியில் எடுப்பவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அதைத் தவிர்க்கக் கேமராவைச் சமமாக வைத்து, லென்ஸ் பொருத்திய பலகையை மட்டும் மேலே நகர்த்தும் அமைப்பு வந்தது. முக்காலி, மட்டம் பார்த்தல், பலகை நகர்த்தல், தலைக்குமேல் கறுப்புத் துணி என்று கட்டடப் படம் நிதானத்தின் தொழிலாக வளர்ந்தது. முகம் எடுப்பது அவசரத்தின் தொழிலாயிற்று. இரண்டும் பிரிந்த இடம் இதுதான். கருவிகளைப் பிரித்தது ரசனை இல்லை, காத்திருக்கும் நேரம்.

இந்த வாதத்தைக் கண்மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் நீட்டிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் யாரும் சிரிப்பதில்லையே, நிமிடக்கணக்கில் இருக்க வேண்டியிருந்ததால்தானே என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் சரி. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் எடுக்கும் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்ட பிறகு நல்ல வெளிச்சத்தில் சில நொடிகளே போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மக்கள் இறுகிய முகத்தோடுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓவியர் முன் அமர்ந்த பிரபுக்களின் கண்ணியம்தான் அவர்களுக்கு முன்மாதிரி. பல்லைக் காட்டுவது பெரிய மனிதருக்கு அழகில்லை என்ற எண்ணம் வேதியியல் மாறியதும் மாறிவிடவில்லை. நேரம் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்கும், பழக்கம் பிறகு தன் காலிலேயே நிற்கும். ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பென்யமின் புகைப்படம் பற்றி 1931இல் எழுதிய கட்டுரையில், நெடுநேரம் அமர்ந்திருந்ததால் அந்தக் கால மனிதர்கள் படத்துக்குள் ஊன்றி வளர்ந்தார்கள் என்ற பொருளில் ஒரு கருத்தைச் சொன்னார். அழகான கருத்து. எடின்பரோவில் 1843 முதல் 1848 வரை ஹில், ஆடம்சன் என்ற புகைப்படக்காரர்கள் இருவரும் வெயிலில் உட்காரவைத்து எடுத்த பாதிரிமார்களையும் மீனவப் பெண்களையும் பார்த்தால் நம்பவும் தோன்றும். ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. அந்த முகங்களின் கனம் அமர்ந்த நேரத்தால் வந்தது எவ்வளவு, காகித நெகட்டிவின் நார் தந்த சொரசொரப்பால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை.

கட்டடத்தின் பக்கம் வந்தால் சான்றுகள் உறுதியாகின்றன. 1851இல் பிரான்சின் நினைவுச்சின்ன ஆணையம் ஐந்து புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, நாட்டின் பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் பதிவு செய்ய அனுப்பியது. அவர்களில் ஒருவர் எதுவார் பால்டுஸ். ஆர்ல் நகரத்து சேன் த்ரோஃபீம் ஆலயத்தின் தூண் தாழ்வாரத்தை அவர் எடுத்த படம் இன்றும் வியக்கவைக்கிறது. உள்ளே கரிய நிழல், வளைவுகளுக்கு வெளியே கண்ணைக் கூசும் முற்றம். நிழலுக்கு ஏற்ற நேரம் விட்டால் முற்றம் வெளுத்துவிடும். முற்றத்துக்கு ஏற்ற நேரம் விட்டால் தாழ்வாரம் இருண்டுவிடும். பால்டுஸ் ஏறத்தாழ பத்து நெகட்டிவ்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியை வெட்டி ஒட்டி, ஒட்டுக் கோடுகளைத் தூரிகையால் மறைத்தார். பத்து வேறு வேறு பொழுதுகள் சேர்ந்து ஒரு தாழ்வாரம். அரசு கேட்டதோ உள்ளது உள்ளபடி ஓர் ஆவணம். அந்த ஆவணத்தைத் தருவதற்கே அவர் இவ்வளவு ஜோடனை செய்ய வேண்டியிருந்தது.

ஏழாண்டு கழித்து நம் பக்கம் இதே காரியம் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் இருந்த லினியஸ் ட்ரைப் என்ற கேப்டனை 1856இல் மதராஸ் அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 இறுதியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். 1858இல் தொகுதி தொகுதியாகப் படங்கள் வெளிவந்தன. ஈரக் கொலோடியன் கண்ணாடி பூசிய ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டியது. நம் வெயிலில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? ட்ரைப் பெரும்பாலும் மெழுகேற்றிய காகித நெகட்டிவையே நம்பினார். முன்கூட்டியே தயார்செய்து பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், பயணத்துக்குத் தோது. ஆனால் மந்தமானது, நிமிடக்கணக்கில் திறந்திருக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களும் திருமலை நாயக்கர் மகாலும் புது மண்டபமும் வண்டியூர்த் தெப்பக்குளமும் அவர் படங்களில் அனேகமாக ஆளே இல்லாமல் நிற்பதற்கு முதல் காரணம் இந்த மந்தம்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. விமானத்தின் அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளை, கேமராவைச் சுவரோடு நகர்த்தி நகர்த்தி 21 நெகட்டிவ்களில் எடுத்தார். அவற்றின் பிரின்ட்களை ஒட்டினால் ஏறத்தாழ 19 அடி நீளச் சுருள். பக்கத்துக்குப் பக்கம் கேமராவை நிறுத்தி, மட்டம் பார்த்து, நேரம் விட்டு எடுத்த வேலை அது. முதல் துண்டில் விழும் வெயிலும் கடைசித் துண்டில் விழும் வெயிலும் ஒரே பொழுதின் வெயிலாக இருக்க வழியில்லை. ஆனாலும் சுவர் ஒன்றாகத்தான் தெரிகிறது. கல்வெட்டைப் படிக்க வந்தவருக்கு ஒட்டுப்போட்ட பொழுதுகள் தெரிய வேண்டியதில்லை என்று அவர் கருதியிருக்க வேண்டும். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யனுக்கு இதெல்லாம் வீண்செலவாகப் பட்டது. ட்ரைப்பின் பணி முடிவுக்கு வந்தது.

ட்ரைப்பின் வானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கால ரசாயனங்கள் நீல ஒளிக்கு அளவுக்கு மிஞ்சி வேலை செய்தன. கல்லுக்குப் போதுமான நேரம் விட்டால் வானம் வெந்து வெள்ளைக் காகிதமாகிவிடும், காகித நெகட்டிவில் திட்டுத்திட்டாகக் கறையும் வரும். ட்ரைப் நெகட்டிவிலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை வேறொன்றிலும் எடுத்து ஒரே பிரின்டில் சேர்த்ததும் இதே காரணத்தால்தான். கல்லுக்கு ஒரு நேரம், வானத்துக்கு ஒரு நேரம் என்றிருக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்த படம்தான் பொய்யாகத் தெரிந்திருக்கும்.

இங்கே கடுமையான ஓர் ஆட்சேபம் வரும். ஆளில்லாத கோயில்கள் ரசாயனத்தின் மந்தத்தால் மட்டும் வந்தனவா? 1857 கலகத்தின் சூடு ஆறுவதற்குள் ஆளும் அரசு எடுப்பித்த படங்கள் அல்லவா இவை? வாழ்கிற கோயிலை, பூசையும் சந்தையும் திருவிழாவுமாக இருக்கிற இடத்தை, செத்துப்போன நாகரிகத்தின் எச்சம்போல் காட்டுவது ஆட்சிக்கு வசதிதானே? இந்த ஆட்சேபத்தில் வலு இருக்கிறது. மந்தமான நெகட்டிவ் அசைந்தவர்களை மட்டும்தான் அழிக்கும்; நிற்கச் சொல்லி நின்றவர்களை அழிக்காது. நான்கு பேரைத் தூணோரம் உட்காரவைத்திருந்தால் அவர்களும் பதிந்திருப்பார்கள். யாரை நிற்கச் சொல்வது, யாரை அசைந்து அழியவிடுவது என்பது எடுப்பவரின் கையில் இருந்தது. ஆகவே வெறுமைக்குப் பழியை முழுக்கக் காகிதத்தின் மேல் போடுவது தப்பித்தல். ஆனால் இதே வெறுமை ஐரோப்பாவிலும் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பால்டுஸின் ஆலயங்களிலும் ஆளில்லை. கிளாஸ்கோ நகரின் இடிக்கப்படவிருந்த சேரிச் சந்துகளைத் தாமஸ் அன்னன் 1868 முதல் 1871 வரை எடுத்தார். அங்கே குழந்தைகள் பாதி உருவமாக, முகம் இல்லாத புகையாக நிற்கிறார்கள். மேலே காயப்போட்ட துணி காற்றில் ஆடி வெள்ளைக் கறையாகியிருக்கிறது. அன்னன் ஆட்களை விரட்டவும் இல்லை, அடுக்கவும் இல்லை, இருந்தபடி விட்டார். கேமரா மந்தமாக இருந்ததால்தான் எந்தப் படக்காரர் ஆட்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார் என்பது இவ்வளவு பச்சையாக வெளிப்படுகிறது.

இன்னொரு ஆட்சேபம்: இதெல்லாம் குழந்தைப் பருவத்துத் தடுமாற்றம், ஃபிலிம் வேகம் கூடியதும் நேரம் என்ற சிக்கல் தீர்ந்துவிட்டது, தீர்ந்துபோன தொழில்நுட்பச் சிக்கலைக் கலையின் அடிப்படை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? இதற்குச் சிறந்த பதில் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு இங்கிலாந்தின் வைட் தீவில் தொடங்கினார். சில நொடிகளில் படம் எடுத்து முடிக்கும் ஸ்டூடியோக்கள் ஊர் ஊராக இருந்த காலம் அது. அவரோ பெரிய கண்ணாடித் தகடு, தணிந்த பக்க வெளிச்சம், முகத்தை நெருங்கிய கேமரா என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டு, வந்தவர்களை நிமிடக்கணக்கில் உட்காரவைத்தார். மூச்சுவிட்டாலே மங்கும். மங்கியதை அவர் கழிக்கவில்லை. 1867இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷல் வீட்டுக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அவரை எடுத்தார். வெள்ளை முடி ஒளிவட்டம்போல் சிலும்ப, கறுப்புப் பின்னணியிலிருந்து முகம் மிதந்து வருகிறது. ஃபோகஸ்கூடத் தெரியாத பெண் என்று புகைப்படச் சங்கத்து ஆண்கள் கேலி செய்தார்கள். அவர்கள் பேர் எவருக்கும் நினைவில்லை. வேகமாக எடுக்க வழி இருந்தும் மெதுவாக எடுத்தவர் அவர். அதனால் அவருடைய நீண்ட நேரம் ஒரு முடிவு, இயலாமை இல்லை. கடைசிக் காலத்தில், 1875இல், கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போனார். மலையகத்துப் பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது. இலங்கையில் அவர் தோட்டத் தொழிலாளர்களைக்கூடப் படமெடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது; மிஞ்சியவை வெகு சில.

கட்டடத்தில் இதே முடிவை எடுத்தவர் ஃபிரெடெரிக் எவன்ஸ். லண்டனில் புத்தகக்கடை வைத்திருந்தவர். ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி தன் நீண்ட விரல்களால் முகத்தைத் தாங்கியிருக்கும் புகழ்பெற்ற உருவப்படம் அவர் எடுத்ததுதான். பிறகு இங்கிலாந்தின் கதீட்ரல்களுக்குத் திரும்பினார். ஒரே கதீட்ரலில் நாட்கணக்கில் தங்கி, எந்த ஜன்னல் வழியே எப்போது வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கவனிப்பார். இடையூறாக இருக்கும் இருக்கைகளை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பார். 1903இல் வெல்ஸ் கதீட்ரலில் எடுத்த படிக்கட்டுப் படம் அவர் பேரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது. நூற்றாண்டுகளாக ஏறி இறங்கிய பாதங்கள் தேய்த்த கற்படிகள் அலையலையாகப் புரண்டு மேலே போகின்றன. முகம் எடுத்த கையே கல்லையும் எடுத்ததால் எனக்கு எவன்ஸ் முக்கியமானவர். இரண்டையும் அவர் ஒரே நிதானத்தோடு அணுகினார்.

சரி, வேகத்தின் பக்கம் நிற்பவர்களையும் கேட்போம். 1888இல் கோடக் பெட்டி, 1925இல் லைக்கா, பிறகு சட்டைப்பைக்குள் அடங்கும் கேமராக்கள். ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் ஒரு நொடியின் சிறு பங்கில் உலகத்தைப் பிடித்தவர் என்று போற்றப்படுகிறவர். என் வாதத்துக்கு நேர் எதிரான சாட்சி அவர்தான் என்று தோன்றும். 1932இல் பிரான்சின் ஈயெர் நகரில் அவர் எடுத்த படத்தைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும் வளைந்த படிக்கட்டு, இரும்புக் கைப்பிடியின் சுழல், கீழே தெருவில் கோடாக இழுபடும் ஒரு சைக்கிள்காரர். படிக்கட்டு எப்போதும் அங்கேதான் இருந்தது. சைக்கிள்காரர் ஒரு கணம் வந்து போனார். படிக்கட்டின் அமைப்பைக் கண்டு இடம் பிடித்துக்கொண்டவருக்குத்தான் அந்தக் கணம் வாய்க்கும். ஷட்டர் வேகமானதால் காத்திருப்பது ஒழிந்துவிடவில்லை. கேமராவுக்குள் நடந்த காத்திருப்பு அதைப் பிடித்திருந்தவரிடம் வந்து சேர்ந்தது. கட்டடமும் மனிதரும் இரண்டு வேகங்களில் வாழ்கிறார்கள் என்ற பழைய சிக்கலைத்தான் அவரும் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு வேகங்களையும் ஒரே ஃபிலிமில் அடக்கியவர் ஜூலியஸ் ஷுல்மன். 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மலைச்சரிவில் பியர் கோனிக் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய கண்ணாடி வீட்டை இரவில் எடுத்தார். வீடு மலை விளிம்பைத் தாண்டி வெளியே நீள்கிறது. உள்ளே இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கீழே நகரத்தின் விளக்குகள் அடிவானம்வரை கட்டம்கட்டமாக விரிகின்றன. நகர விளக்குகள் பதிய ஷட்டரை ஏழு நிமிடம் திறந்து வைத்தார், அறை இருட்டாக இருந்தது. அது முடிந்ததும் ஃபிளாஷ் பல்புகள் பளிச்சிட்டன. பெண்கள் அந்தக் கணத்தில் பதிந்தார்கள். ஏழு நிமிட நகரமும் கணநேர மனிதர்களும் ஒரே படத்தில். நவீன வாழ்க்கையின் விளம்பரம் என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. வீடு விற்கும் படம்போல இருப்பதும் உண்மைதான். ஆனால் நதார் சுரங்கத்தில் பொம்மையை வைத்துச் சமாளித்த இடத்தை இவர் எப்படித் தாண்டினார் என்று பார்த்தால் படத்தின் அருமை விளங்கும்.

ஏறத்தாழ இதே காலத்திலிருந்து இரு கோடிகளும் இடம் மாறத் தொடங்கின. ஜெர்மனியின் பேர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதி 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் எடுத்தார்கள். மேகம் மூடிய நாளில், நிழலே இல்லாமல், நேர் எதிரே நின்று, ஒவ்வொன்றையும் பாஸ்போர்ட் படம்போல் எடுத்து வரிசையாக மாட்டினார்கள். வரிசையில் பார்க்கும்போது இரும்புக்கு முகம் வந்துவிடுகிறது. ஒன்று முறைக்கிறது, ஒன்று சலித்துக்கொள்கிறது. 1990 வெனிஸ் பியன்னாலே கலைக்கண்காட்சியில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசே கிடைத்தது. அவர்களிடம் படித்த தாமஸ் ரூஃப் தன் நண்பர்களின் முகங்களை அதே சமமான வெளிச்சத்தில், உணர்ச்சி எதுவும் காட்டாமல் எடுத்து, ஆளுயரத்துக்கும் மேல் பெரிதாக்கினார். அருகில் போனால் தோலின் துளைகூடத் தெரியும். உள்ளே யார் இருக்கிறார் என்று மட்டும் தெரியாது. சுவரைப் பார்ப்பதுபோல்தான் அவற்றைப் பார்க்க முடிகிறது.

ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ எழுபதுகளிலிருந்து பழைய திரையரங்குகளை எடுத்த விதம் இந்த வரலாற்றிலேயே தனி. படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடுவார். திரையில் ஓடிய கதை முழுவதும் வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிடும். அந்தச் செவ்வகத்தின் ஒளி அரங்கின் வளைவுகளையும் சுதை வேலைகளையும் துலக்கிக் காட்டும். இருக்கைகள் காலியாகத் தெரியும். அடுத்து ஜெர்மனியின் மிகைல் வெஸெலி. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் விரிவாக்கிக் கட்டப்பட்டபோது 2001 முதல் 2004 வரை கேமராக்களைப் பொருத்தி, ஒரே படத்துக்கு 34 மாதம் வரை திறந்து வைத்தார். வானத்தில் சூரியன் சென்ற பாதைகள் கோடுகளாகக் குறுக்கிடுகின்றன. எழும்பும் உருக்குச் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவித் தெரிகின்றன. கட்டடம் ஏற்கெனவே அங்கே நிற்கும் பொருளாக இல்லாமல், வந்துகொண்டிருக்கும் ஒன்றாகத் தெரிவது இவற்றில்தான். நியெப்ஸின் ஜன்னலில் இயலாமையால் நடந்ததை வெஸெலி தேடிப் போய்ச் செய்தார்.

கைபேசி வந்த பிறகு இந்தப் பேச்சுக்கு இடமிருக்கிறதா என்று கேட்டால், முன்பைவிட அதிகம் என்பேன். இரவில் கைபேசியை நீட்டிப் படமெடுக்கும்போது அது ஒரு படத்தை எடுப்பதில்லை. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, கை நடுங்கியதைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. வெளிச்சமும் நிழலும் மோதும் காட்சியில் வானத்தை ஒரு படத்திலிருந்தும் முகத்தை இன்னொன்றிலிருந்தும் எடுக்கிறது. குழுப்படத்தில் ஒருவர் கண்ணை மூடியிருந்தால் முன்னே பின்னே எடுத்த இன்னொரு படத்திலிருந்து அவருடைய முகத்தை மாற்றிவைக்கும் வசதி சில மாடல்களில் வந்துவிட்டது. பால்டுஸ் தாழ்வாரத்துக்குச் செய்ததை இப்போது நாம் கல்யாண வீட்டு வரிசைக்குச் செய்துகொள்கிறோம். இது ஏமாற்று என்று கோபப்படுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை; ஒட்டுவேலை புகைப்படத்தின் பிறப்பிலிருந்தே உள்ளது. எனக்கு உறுத்துவது வேறு. பால்டுஸின் ஒட்டுகளையும் ட்ரைப் தீட்டிய மேகங்களையும் இன்று ஆய்வாளர்கள் எண்ணிச் சொல்ல முடிகிறது. எதை எங்கே சேர்ப்பது என்று அவர்களே முடிவெடுத்தார்கள், அந்த முடிவின் தடம் காகிதத்தில் கிடக்கிறது. கைபேசியில் அந்த முடிவை எடுப்பது எங்கோ இருக்கும் நிறுவனம் எழுதிய மென்பொருள். சேர்த்து முடித்ததும் மூலப் படங்களைப் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. கோப்பைத் திறந்து எடுத்த நேரம் எது என்று பார்த்தால் தேதியோடு ஒரே ஒரு நொடிதான் குறிக்கப்பட்டிருக்கும்.